வி. எஸ். அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா (ஆகஸ்ட் 17, 1874 - ஜனவரி 1, 1945) ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதல் இந்தியர் ஆவார். தமிழகத்தில் பிறந்து தெலுங்கு நாட்டில் பணியாற்றிய இவர், 1912 முதல் இறக்கும் வரை தோர்ணக்கல் பேராயராக இருந்தார். வெளிநாட்டு மிஷனெரிகளும் இந்தியக் கிறித்தவர்களும் சமமாகப் பழக வேண்டும் என்று 1910 இல் எடின்பரோவில் ஆற்றிய உரைக்காகவும், தென்னிந்தியத் திருச்சபை உருவாகக் காரணமான ஒருமைப்பாட்டு முயற்சிக்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

அசரியா இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர், தாயார் எல்லன். பெண் குழந்தை ஒன்று பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகன் என்பதால், விவிலியத்தில் வரும் சாமுவேலின் பெயரை இவருக்கு இட்டனர். 1889 இல் தந்தை இறந்த பின்னர்த் தாயும் பாட்டியும் இவரை வளர்த்தனர். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. கோயில் நுழைவு உட்படப் பல உரிமைகள் அச்சமூகத்திற்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது.

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்ற பின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். எனினும் பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். 1898 இல் அன்பு மரியம்மாளை மணந்தார்.

தொடக்கப் பணிகள்

1895 இல் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகச் சேர்ந்து, தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1902 இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியர்களை அனுப்பி வருவதைக் கண்டார். திருநெல்வேலிக் கிறித்தவர்களும் அவ்வாறு செய்ய இயலும் என்னும் எண்ணம் இவருக்கு ஏற்பட்டது. அதன் விளைவாக 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானதிலும் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்தியரின் ஊழியம், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்பதே இவ்விரு சங்கங்களின் அடிப்படை.

இந்திய மிஷனெரி சங்கம் ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லைப் பணிக்களமாகத் தேர்ந்தது. 1909 இல் குருப்பட்டம் பெற்ற அசரியா, தெலுங்கு கற்று, குடும்பத்துடன் அங்குக் குடியேறினார்.

எடின்பரோ உரை

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடைபெற்றது. வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. அங்குப் பேசிய அசரியா, மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் நன்றியுடன் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவர்கள் இந்திய உடன் ஊழியரின் வீடுகளுக்குச் செல்வதும், சமமாக அமர்ந்து உண்பதும் அரிது என்றும், இருவருக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் முதலாளிக்கும் வேலையாளுக்கும் உள்ளதைப் போன்றது என்றும் சுட்டிக் காட்டினார். இந்தியத் திருச்சபைக்கு எல்லாவற்றையும் விட நட்பே தேவை என்பது உரையின் சாரம். அவையில் சிலர் சினம் கொண்டனர், சிலர் வரவேற்றனர். அம்மாநாட்டின் உரைகளுள் இன்றளவும் மிகுதியாக நினைவுகூரப்படுவது இதுவே.

பேராயர் பதவி

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட்டின் முயற்சியால், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணியாற்ற விரும்பாத ஐரோப்பியர் இதனை எதிர்த்தனர். இவருடைய சாதியைக் காரணம் காட்டி எதிர்த்த இந்தியக் கிறித்தவரும் இருந்தனர். தொடக்கத்தில் சிறியதாக இருந்த மறைமாவட்டம் பின்னர்த் தெலுங்கு நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிந்தபோது, ஆங்கிலேயக் குருமார்களும் இவருடைய பொறுப்பின் கீழ் வந்தனர்.

தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளாகியிருந்த மாலா, மாதிகா சமூகத்தினரே பெருமளவில் இத்திருச்சபையில் சேர்ந்தனர். 1930களில் இதன் உறுப்பினர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. ஊர்தோறும் பள்ளி, ஆசிரியர், கூட்டுறவுச் சங்கம், மருத்துவ உதவி என்பதும், குடிப்பழக்கத்தை ஒழிப்பதும் இவரது ஊழியத்தின் பகுதிகளாயின. ஆயினும் மாலா, மாதிகா கிறித்தவர்கள் தம்முள் வேறுபாடு மறந்து ஒன்றாக உண்பதும் வழிபடுவதும் எளிதில் நிகழவில்லை. எடின்பரோவில் இவர் எழுப்பிய சமத்துவக் கேள்வியை இந்தியக் கிறித்தவர்களும் தங்களுக்குள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

1939 இல் தோர்ணக்கல் பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது. தென்னிந்தியக் கோயில் தூண்களின் அமைப்பும் இசுலாமியக் குவிமாடங்களும் கொண்டு அது எழுப்பப்பட்டது.

காந்தியுடன் கருத்து வேறுபாடு

தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவற்றில் மகாத்மா காந்தியும் அசரியாவும் ஒத்த நோக்கு உடையவர்கள். கிறித்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் அசரியா வாதிட்டார். அது திருச்சபையை அரசியல் நலன் தேடும் ஒரு குழுவாக மாற்றிவிடும் என்று அஞ்சினார். ஆனால் மதமாற்றம் குறித்து இருவரும் மாறுபட்டனர். எளிய கிராம மக்கள் சமயக் கோட்பாடுகளை ஆராய்ந்து மதம் மாறுவதில்லை என்றும், தொண்டு மதமாற்ற நோக்கமின்றி நடைபெற வேண்டும் என்றும் காந்தி கருதினார். அம்மக்களுக்கும் சொந்த அறிவும் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலைப்பாடு. இவ்விவாதம் இந்தியாவில் இன்றும் முடிவடையவில்லை.

திருச்சபை ஒருமைப்பாடு

மேலை நாட்டு வரலாற்றில் தோன்றிய சபைப் பிரிவுகளை இந்தியர் சுமக்கத் தேவையில்லை என்று அசரியா கருதினார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல்வேறு சபைகளின் ஊழியர்கள் கூடி ஒருமைப்பாட்டுக்கான அறிக்கையை வெளியிட்டனர். இதனை முன்னின்று நடத்தியவர்களுள் இவரும் ஒருவர். இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. அதனைக் காண அசரியா உயிருடன் இல்லை.

மறைவு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920 இல் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். அந்த ஆண்டு வரை ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியர் இவரே. தோர்ணக்கல் தற்போது தெலங்கானா மாநிலத்தின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. தென்னிந்தியத் திருச்சபையின் பேராயங்களுள் ஒன்றாகவும் விளங்குகிறது.