மீன்கடை வீட்டு வானம்பாடி

நம்ம சுவர் இதழில் தலைவர்களும் விஞ்ஞானிகளும் நிறைய வந்துவிட்டார்கள். நான் கொஞ்சம் தூரமாகப் போய், ஜப்பானில் இருந்து ஒரு பாடகியை அழைத்து வந்திருக்கிறேன். பெயர் மிசோரா ஹிபாரி. ஹிபாரி என்றால் வானம்பாடி, மிசோரா என்றால் அழகான வானம். இது மேடைக்காக வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் கதோ கசூயே.

1937 மே 29 அன்று யோகோஹாமா நகரில் பிறந்தார். அப்பாவுக்கு மீன்கடை. 1943-இல் அப்பாவைப் போருக்கு அனுப்பி வைக்க அக்கம்பக்கத்தார் கூடியபோது இந்தச் சிறுமி பாடினாள். வயசு ஆறுதான். கேட்டவர்கள் கண் கலங்கிவிட்டார்கள். அதைக் கவனித்த அம்மா, இனி இவளுக்குப் பாட்டுதான் வழி என்று அன்றே முடிவு பண்ணிவிட்டார்.

1945 மே 29, அவருடைய எட்டாவது பிறந்த நாள். அன்றைக்குத்தான் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு யோகோஹாமாவை எரித்தன. போர் முடிந்து அப்பா திரும்பி வந்தார். அம்மாவும் மகளும் பாட்டுக் கச்சேரிக்குக் கிளம்பினார்கள்.

1946-இல் என்.எச்.கே. வானொலியின் பாட்டுப் போட்டிக்குப் போனார். நன்றாகத்தான் பாடினார், ஆனால் தேறியதற்கான மணி அடிக்கவில்லை! காரணம் என்ன தெரியுமா? குழந்தை பெரியவங்க மாதிரி பாடுகிறதாம், அது குழந்தைத்தனமாக இல்லையாம். பிறகு பத்திரிகைகளிலும் இதையே சொல்லித் திட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கும் முதலில் அது நியாயம்தானே என்று பட்டது. சின்னப் பிள்ளைக்கு எதற்குக் காதல் சோகம்? ஆனால் அந்தக் காலத்து ஜப்பானை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மாவைப் போரில் இழந்த பிள்ளைகள் ரயில் நிலையங்களில் படுத்துத் தூங்கினார்கள். ஷூ துடைத்துச் சாப்பிட்டார்கள். பெரியவர்களின் துக்கம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் தலையில் ஏற்கனவே விழுந்திருந்தது. பாட்டில் மட்டும் அது வரக்கூடாது என்றால் எப்படி?

1949-இல் 'கனாஷிகி குச்சிபுவே' படம் வந்தது. சோகமான சீழ்க்கை என்று அர்த்தம். அதில் அவருக்கு வேடமே வீடில்லாத ஓர் அநாதைச் சிறுமிதான். தொலைந்துபோன அண்ணன் உண்டாக்கிய பாட்டைப் பாடிப் பாடியே அவரைத் தேடுவாள். அந்த இசைத்தட்டு நாலரை லட்சம் விற்றது. பாடியவருக்கு வயசு 12!

இதற்கு நடுவில் 1947-இல் கோச்சி மாவட்டத்து மலைப்பாதையில் அவர் போன பஸ் விபத்துக்குள்ளானது. பள்ளத்தில் விழாமல் ஒரு செர்ரி மரம் தாங்கிப் பிடித்ததாம். பலத்த காயம். பாட்டு போதும் என்றார் அப்பா. மகள் கேட்கவில்லை.

இவர் பாடிய வகைக்கு என்கா என்று பெயர். ஊர் ஏக்கம், பிரிவு, மது, மழை, துறைமுகம் இதெல்லாம்தான் அதில் பொருள். குரலை ஒரே எழுத்தில் சுழித்துச் சுழித்துப் பாடுவார்கள். ஹிபாரி கூடுதலாக ஒன்று செய்வார். கனமான கீழ்க்குரலில் இருந்து மெல்லிய மேல்குரலுக்கு ஏறுவார், எங்கே மாறினார் என்றே தெரியாது. என்கா மட்டுமில்லை, ஜாஸ், ராக் எல்லாம் பாடினார். நடித்த படங்களே 150-க்கு மேல்.

1957-இல் தோக்கியோவில் ஒரு தியேட்டரில், அவர் வயசே உள்ள ஒரு ரசிகை முகத்தில் அமிலத்தை ஊற்றிவிட்டாள். நல்லவேளை, பெரிய தழும்பு இல்லாமல் ஆறியது. 1962-இல் ஒரு நடிகரைத் திருமணம் செய்து இரண்டே வருடத்தில் பிரிந்தார்.

1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஜூடோ சேர்ந்தது. அந்த வருடம் வந்த 'யாவாரா' ஜூடோ வீரனைப் பற்றிய பாட்டு. 19 லட்சம் விற்றது. 1966-இல் 'கனாஷீ சாகே', சோக மது. மேடையில் அதைப் பாடும்போது கண்ணீர் கன்னத்தில் ஓடும், சுருதி மட்டும் இம்மிகூட விலகாது.

1973-இல் தம்பிக்குக் குண்டர் கும்பலோடு தொடர்பு என்று பெரிய பிரச்சினை. அவனை நிகழ்ச்சியில் இருந்து விலக்கச் சொன்னார்கள். அம்மாவும் அக்காவும் மறுத்தார்கள். அரங்குகள் கதவைச் சாத்தின, என்.எச்.கே.யும் அந்த வருடக் கடைசி நிகழ்ச்சிக்கு அழைக்கவில்லை. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியவில்லை. அக்கா தங்கை உள்ளவர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

1981-இல் அம்மா போனார். 1983-இல் ஒரு தம்பி, 1986-இல் இன்னொரு தம்பி, இருவருக்கும் 42 வயசு. 1987-இல் இவரே தொடை எலும்பு நோயும் கல்லீரல் நோயுமாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இனி மேடை ஏற மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

1988 ஏப்ரல் 11. புதிதாகத் திறந்த தோக்கியோ டோம் அரங்கில் 50,000 பேர். மேடைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. மாடிப்படி ஏறவே முடியாத கால்கள்! ஆனாலும் ஏறக்குறைய 40 பாட்டு பாடிவிட்டு, கடைசியில் 100 மீட்டர் நீளப் பாதையில் கையசைத்தபடி தனியாகவே நடந்தார்.

1989 ஜனவரி 7-இல் பேரரசர் ஹிரோஹிதோ இறந்தார். நான்கு நாள் கழித்து, ஜனவரி 11-இல் ஹிபாரியின் 'காவா நோ நகாரே நோ யோ நி' தனி இசைத்தட்டாக வந்தது. ஆற்றோட்டம் போல என்று பொருள். பழைய யுகத்துக்கு விடை கொடுக்கும் பாட்டாகவே ஜனங்கள் அதைக் கேட்டார்கள். ஜூன் 24-இல் அவரும் போய்விட்டார். வயது 52. அடுத்த மாதம் அரசு மக்கள் கௌரவ விருது கொடுத்தது. அதைப் பெற்ற முதல் பெண் இவர்தான்.

2019-இல் என்.எச்.கே. கம்ப்யூட்டரைக் கொண்டு அவர் குரலை உண்டாக்கிப் புதுப்பாட்டு ஒன்றைப் பாட வைத்தது. சிலர் அழுதார்கள், சிலர் இது தப்பு என்றார்கள். நான் இரண்டாவது கட்சி.

கேட்க ஆசைப்படுபவர்கள் 1952-இல் வந்த 'ரிங்கோ ஓய்வாகே'யில் இருந்து தொடங்குங்கள். ஆப்பிள் தோட்டத்துப் பெண் ஒருத்தி, இறந்துபோன அம்மாவை நினைக்கிற பாட்டு. நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே பேசுவார். ஜப்பான் மொழியில் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும், அந்த இடத்தில் பக்கத்தில் யாரும் பேசாமல் இருப்பது நல்லது.