மன்றோ கங்காளம்

திருமலை மடைப்பள்ளியில் திருவமுதுக்குரிய பெரும் பாத்திரங்களுள் ஒன்று மன்றோ கங்காளம் என்னும் பெயரால் வழங்கி வந்தது. அதனைத் திருவேங்கடமுடையானுக்குச் சமர்ப்பித்தவர் ஸர் தாமஸ் மன்றோ என்பது வழிவழியாக வரும் செய்தி. வாளேந்திக் கடல் கடந்து வந்த ஓர் ஆங்கிலப் படைத்தலைவரின் பெயர் எம்பெருமானின் அமுதுபாத்திரத்தோடு இணைந்ததன் காரணத்தை அவருடைய வாழ்க்கையில் காணலாம்.

மன்றோ 1761ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையாரின் வாணிகம் நொடித்துப் போகவே, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கினார். அவ்வாண்டே ஹைதர் அலியின் சேனை கர்நாடகத்தில் புகுந்தது. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனிப் படை பின்வாங்கியபோது அதில் அவரும் இருந்தார். ஊர்கள் எரிவதையும் குடிகள் சிதறுவதையும் இளமையிலேயே கண்ட அவர், ஓய்ந்த பொழுதுகளில் பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றார்.

1792இல் சேலம், பாராமகால் பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. அங்கே கேப்டன் ரீட் என்பவரின் கீழ் நிலவரி அலுவல் பார்க்க மன்றோ அமர்த்தப்பட்டார். இடைத்தரகர் இன்றி உழவனோடு நேரே வரி பேசும் ரயத்வாரி முறை அங்கே உருப்பெற்றது. பின்னர், நிஜாம் 1800இல் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை முதலிய சீமைகளை ஏழாண்டுகள் நிர்வகித்தார். மாளிகையில் அமராமல் கூடாரத்தில் தங்கி, ஊர் ஊராகச் சென்று குடிகளின் குறைகளைக் கேட்டார். மந்திராலயத்தில் ஸ்ரீராகவேந்திர சுவாமிகள் அவருக்குக் காட்சி தந்து உரையாடினார் என்பது அப்புண்ணியத் தலத்தில் வழங்கும் ஐதிகம்.

அவர் கம்பெனியின் ஊழியரே. வரியைக் கண்டிப்புடன் வசூலித்தவரே. எனினும் அவ்வரியின் சுமை மிகுதி என்பதையும் உணர்ந்திருந்தார். நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807இல் எழுதிவைத்துத் தாயகம் சென்றார். அதிகாரத்தில் இருந்தோர் அதனை ஏற்கவில்லை.

1814இல் மீண்டும் வந்த மன்றோ, 1817, 1818ஆம் ஆண்டுகளில் நடந்த மராட்டியப் போரில் சிறு படையுடன் பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைக் கைப்பற்றினார். குடிமக்களின் துணையே அவருக்குப் பெரும் பலமாக இருந்தது. மேஜர் ஜெனரல் பதவி பெற்று, 1820இல் சென்னை கவர்னரானார். பல்லாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட வரிக்குறைப்பைத் தாமே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822இல் ஆணையிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயில்வது தெரியவந்தது. இந்நாட்டவர் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும் நாளில் ஆங்கிலேயர் விலகுவதே முறை என்னும் கருத்தையும் 1824இல் அரசாங்கக் குறிப்பாகவே பதிவு செய்தார்.

பதவி துறந்து தாயகம் திரும்ப விழைந்தபோது பர்மியப் போர் மூண்டமையால் தங்க நேரிட்டது. போர் முடிந்தபின், மனைவியார் முன்னரே சென்றுவிட, தாம் பலகாலம் பழகிய சீமைக் குடிகளிடம் விடைபெற்று வரப் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி கண்டது. 1827 ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் உயிர் நீத்தார். குத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற உடல் பின்னர் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

சென்னையில் பொதுமக்கள் பொருளுதவியால் எழுந்த அவரது குதிரைவீரச் சிலை, சேணமும் அங்கவடியும் இன்றி நிற்பதை யாத்திரிகர் பலர் கண்டிருப்பர். அச்சிலை காட்டுவது வீரனை. கங்காளமோ அடியார்க்குப் பிரசாதமாகும் அன்னத்தோடு அவர் பெயரைச் சேர்த்து வைத்தது. உழுவோரின் குறையைச் செவிமடுத்துத் திரிந்த அப்பெருமகனாருக்கு இதனினும் பொருத்தமான நினைவு வேறில்லை.