ராப் பட்லர்

ரிச்சர்ட் ஆஸ்டன் பட்லர் (டிசம்பர் 9, 1902 – மார்ச் 8, 1982) ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஆவார். தமது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ராப் பட்லர் என்றே பரவலாக அறியப்பட்டார். பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த இவர், 1929 முதல் 1965 வரை எசெக்சு மாவட்டத்தின் சாஃப்ரன் வால்டன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். இவர் கொண்டுவந்த 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இங்கிலாந்தின் பள்ளிக் கல்வியை மாற்றியமைத்தது. நிதி, உள்துறை, வெளியுறவு ஆகிய மூன்று முதன்மைத் துறைகளுக்கும் அமைச்சராக இருந்தபோதிலும் பிரதமர் பதவியை இவர் அடையவில்லை. 1957, 1963 ஆகிய இரு ஆண்டுகளிலும் அப்பதவி இவருக்கே கிடைக்கும் எனப் பலர் எதிர்பார்த்திருந்தனர். 1963 இல் நிகழ்ந்த போட்டி, அக்கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறுவதற்குக் காரணமாயிற்று.

இளமைக்காலம்

பட்லர், அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள அட்டோக்கில் பிறந்தார். இவ்வூர் தற்போது பாக்கித்தானில் உள்ளது. தந்தையார் மாண்டேகு பட்லர் இந்தியக் குடிமைப் பணி அதிகாரி; பின்னாளில் மத்திய மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றியவர். பெரிய தந்தையார் ஆர்க்கோர்ட் பட்லர் பர்மாவின் ஆளுநராக இருந்தவர்.

ஆறு வயதில் மட்டக்குதிரையிலிருந்து விழுந்ததில் பட்லரின் வலக்கை முறிந்தது. அக்கை பின்னர் ஒருபோதும் முழுமையாகச் செயல்படவில்லை. இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரிப் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியிலும் பயின்றார். 1924 இல் கேம்பிரிட்ச் மாணவர் விவாத மன்றத்தின் தலைவரானார். 1926 இல் துணி ஆலை அதிபர் சாமுவேல் கோர்ட்டால்டின் மகள் சிட்னியை மணந்தார். மாமனார் வழங்கிய ஆண்டு வருமானம், இவர் முழுநேர அரசியலில் ஈடுபட உதவியது.

இந்தியச் சட்டமும் மியூனிக் உடன்படிக்கையும்

1932 இல் பட்லர் இந்தியா அலுவலகத்தின் துணை அமைச்சரானார். இந்திய மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவை மக்களவையில் விளக்கி நிறைவேற்றும் பணியில் இவர் பெரும்பங்கு ஏற்றார. அம்மசோதாவை இவரது கட்சியைச் சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சில் கடுமையாக எதிர்த்தார். அது 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமாக நிறைவேறியது. இச்சட்டத்தின்படி 1937 இல் நடந்த தேர்தலுக்குப் பின்னரே சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தது. பழமைவாதக் கட்சியின் வலதுசாரிகள் பலர் இச்சட்டத்தை விரும்பவில்லை. பட்லரின் பங்கையும் அவர்கள் மறக்கவில்லை.

1938 இல் பட்லர் வெளியுறவுத் துறையின் துணை அமைச்சரானார். துறையின் அமைச்சர் ஏலிபாக்சு பிரபு மேலவை உறுப்பினர் என்பதால், மக்களவையில் அரசின் வெளியுறவுக் கொள்கையை ஆதரித்துப் பேசும் கடமை இவருடையதாயிற்று. இட்லருடன் இணங்கிப் போகும் பிரதமர் சேம்பர்லினின் கொள்கையை, 1938 மியூனிக் உடன்படிக்கை உட்பட, இவர் ஆதரித்தார். இக்கொள்கையை எதிர்த்த சர்ச்சில், ஈடன், மாக்மில்லன் ஆகிய மூவரும் பின்னாளில் பிரதமராயினர். பட்லரின் பெயரோடு மியூனிக் என்னும் சொல் நெடுங்காலம் ஒட்டியிருந்தது.

கல்விச் சட்டம்

1941 இல் சர்ச்சில் இவரைக் கல்வி வாரியத்தின் தலைவராக்கினார். போர்க்காலத்தில் சர்ச்சைக்குரிய கல்விச் சட்டம் எதுவும் வேண்டாம் என்பதே சர்ச்சிலின் எண்ணமாக இருந்தது. பட்லர் தளராமல் கிறித்தவத் திருச்சபைகளுடனும் ஆசிரியர் அமைப்புகளுடனும் நீண்ட பேச்சுகளை நடத்தி உடன்பாடு கண்டார். 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை அனைவருக்கும் கட்டணமின்றி வழங்கியது. கட்டாயக் கல்வி வயதை 15 ஆக உயர்த்தியது. இந்த வயது உயர்வு 1947 இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் இன்றும் பட்லர் சட்டம் என்றே குறிப்பிடப்படுகிறது.

1945 தேர்தலில் பழமைவாதக் கட்சி தோற்றபின், கட்சியின் ஆய்வுத் துறையைப் பட்லர் வழிநடத்தினார். முழு வேலைவாய்ப்பையும் பொதுநல அரசையும் கட்சி ஏற்றுக்கொள்ள வழிசெய்த 1947 ஆம் ஆண்டின் தொழில் சாசனம் இவரது மேற்பார்வையில் உருவானது.

நிதியமைச்சர்

1951 இல் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது பட்லர் நிதியமைச்சரானார். தொழிற்கட்சியின் முன்னாள் நிதியமைச்சர் இயூ கெயிட்சுகலின் கொள்கைக்கும் இவரது கொள்கைக்கும் இருந்த ஒற்றுமையைக் கண்டு, இருவர் பெயரையும் இணைத்து பட்சுகலிசம் என்ற சொல்லை தி எக்கனாமிசுட்டு இதழ் 1954 இல் உருவாக்கியது.

1953 சூனில் பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. அடுத்த நிலையில் இருந்த அந்தோணி ஈடன் அப்போது அறுவை சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். சர்ச்சிலின் நோயின் தன்மை மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அந்தக் கோடைக்காலத்தில் அமைச்சரவைக் கூட்டங்களுக்குப் பட்லரே தலைமை வகித்தார். இந்நிலையைப் பயன்படுத்திப் பிரதமர் பதவியைக் கோர இவர் முயலவில்லை.

1954 டிசம்பரில் இவரது மனைவி சிட்னி புற்றுநோயால் இறந்தார். 1955 ஏப்ரலில், தேர்தலுக்குச் சற்று முன்னர், பட்லர் வருமான வரியைக் குறைத்தார். தேர்தலில் வென்றபின் பொருளாதாரம் நெருக்கடிக்கு உள்ளானதால், அக்டோபரில் அவசர வரவுசெலவுத் திட்டம் கொண்டுவந்து சமையல் பாத்திரங்கள் வரை விற்பனை வரியை விரிவாக்கினார். இது இவரது செல்வாக்கைப் பெரிதும் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரதமர் ஈடன் அமைச்சரவையை மாற்றியமைத்தபோது, நிதித்துறை அரால்டு மாக்மில்லனுக்குச் சென்றது. பட்லர் மக்களவை முன்னவரானார். தனித்துறை ஏதும் இவருக்கு இல்லை. பட்லரைத் துணைப் பிரதமராக அறிவிக்கக் கூடாது என்பது, நிதித்துறையை ஏற்க மாக்மில்லன் விதித்த நிபந்தனைகளுள் ஒன்றாகும்.

1957 தலைமைப் போட்டி

அக்காலத்தில் பழமைவாதக் கட்சியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் முறை எதுவும் இல்லை. ஆட்சியில் இருக்கும்போது பிரதமர் விலகினால், கட்சியின் மூத்தோர் தனித்தனியே கருத்துக் கேட்டு அரசிக்கு ஆலோசனை கூறுவர். அரசி அழைப்பவர் பிரதமராவார்; கட்சி அவரைத் தலைவராக ஏற்றுக்கொள்ளும். எனவே யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பவை முடிவைத் தீர்மானிக்கக் கூடியவையாக இருந்தன.

1956 இன் சூயசு நெருக்கடியில் எகிப்தின் மீதான படையெடுப்பைப் பட்லர் ஐயத்துடனேயே நோக்கினார். எனினும் பதவி விலகவுமில்லை, முழுமனதுடன் ஆதரிக்கவுமில்லை. நவம்பர் இறுதியில் ஈடன் உடல்நலம் குன்றி யமேக்காவுக்கு ஓய்வெடுக்கச் சென்றபோது, அரசை நடத்தும் பொறுப்பும் படைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பும் பட்லர் மீது விழுந்தன. தொடக்கத்தில் படையெடுப்பை வற்புறுத்தியவரும், பின்னர் நிதி நெருக்கடியைக் காட்டிப் பின்வாங்கச் சொன்னவரும் மாக்மில்லனே. ஆயினும் கட்சியினரின் சினம் பட்லர் மீதே திரும்பியது.

1957 சனவரி 9 அன்று ஈடன் பதவி விலகினார். பல செய்தித்தாள்கள் பட்லரே அடுத்த பிரதமர் என எதிர்பார்த்தன. சாலிசுபரி பிரபுவும் கில்மூர் பிரபுவும் அமைச்சர்களை ஒவ்வொருவராக அழைத்து, பட்லரா மாக்மில்லனா எனக் கேட்டனர். மிகப் பெரும்பாலோர் மாக்மில்லனையே விரும்பினர். சர்ச்சிலும் அரசிக்கு அதே ஆலோசனையைக் கூறினார். மறுநாள் மாக்மில்லன் பிரதமரானார். பட்லர் வெளியுறவுத் துறையைக் கேட்டார், உள்துறையே கிடைத்தது.

உள்துறை அமைச்சர்

1957 முதல் 1962 வரை பட்லர் உள்துறை அமைச்சராக இருந்தார். மரண தண்டனைக்குரிய கொலைகளின் வகையைக் குறைத்த 1957 ஆம் ஆண்டின் கொலைக்குற்றச் சட்டம் இவரது காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1960 ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்டச் சட்டம் பந்தயக் கடைகளுக்கு அனுமதி அளித்தது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட பொதுநலவாய நாட்டினர் பிரித்தானியாவில் தங்குதடையின்றிக் குடியேறுவதை முதன்முறையாகக் கட்டுப்படுத்திய 1962 ஆம் ஆண்டின் குடியேறுவோர் சட்டமும் இவர் கொண்டுவந்ததே. 1959 இல் இவர் மோலி கோர்ட்டால்டை மறுமணம் செய்துகொண்டார்.

அதே ஆண்டில் கட்சியின் அமைப்புத் தலைவர் பொறுப்பும் இவரிடம் சேர்ந்தது. 1961 அக்டோபரில் மாக்மில்லன் அமைச்சரவையை மாற்றியபோது, அப்பொறுப்பும் மக்களவை முன்னவர் பதவியும் இயன் மெக்லியோடுக்கு மாற்றப்பட்டன.

1962 அமைச்சரவை மாற்றம்

1962 இல் இடைத்தேர்தல் தோல்விகளால் அரசின் செல்வாக்குச் சரிந்தது. நிதியமைச்சர் செல்வின் லாயிடை மாற்ற மாக்மில்லன் முடிவு செய்தார். இச்செய்தி முன்கூட்டியே நாளிதழில் வெளியானது. நாளிதழ் உரிமையாளர் ஒருவருடன் மதிய உணவருந்தியபோது பட்லர் பேசியதே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. படிப்படியாகச் செய்ய எண்ணியதை மாக்மில்லன் விரைந்து செய்தார். சூலை 13 அன்று அமைச்சரவையின் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது ஏழு அமைச்சர்கள், நீக்கப்பட்டனர். இந்நிகழ்வு நெடுங்கத்திகளின் இரவு என அழைக்கப்படுகிறது.

இம்மாற்றத்தில் பட்லர் உள்துறையை இழந்து முதல் செயலர் என்னும் பதவியைப் பெற்றார். நடைமுறையில் துணைப் பிரதமராகவும் கருதப்பட்டார். மத்திய ஆப்பிரிக்க விவகாரங்களும் இவர் பொறுப்பில் இருந்தன. ரொடீசியா, நியாசலாந்து கூட்டமைப்பைக் கலைக்கும் கடினமான பணியைப் பெரிய மோதலின்றி இவர் முடித்தார். அக்கூட்டமைப்பு 1963 டிசம்பர் 31 அன்று கலைக்கப்பட்டது.

1963 தலைமைப் போட்டி

1963 அக்டோபர் 8 அன்று மாக்மில்லன் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது பிளாக்பூல் நகரில் கட்சி மாநாடு கூடியிருந்தது. அக்டோபர் 10 அன்று, பிரதமர் விலகவிருக்கும் செய்தியை வெளியுறவு அமைச்சர் இயூம் பிரபு மாநாட்டில் படித்தார். மாநாடு தலைமைப் போட்டிக் களமாக மாறியது. பிரபுப் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் அவ்வாண்டு சூலையில்தான் நிறைவேறியிருந்தது. அதனைப் பயன்படுத்தி எயில்சம் பிரபு தாம் பட்டம் துறந்து போட்டியிடப்போவதாக அறிவித்தார். நிதியமைச்சர் ரெசினால்டு மோட்லிங்கின் பெயரும் பேசப்பட்டது. பட்லர் பிரதமருக்குப் பதிலாக நிறைவுரை ஆற்றினார். அவ்வுரை எழுச்சியூட்டுவதாக அமையவில்லை.

மருத்துவமனையிலிருந்தபடியே மாக்மில்லன் கருத்துக் கேட்கும் ஏற்பாட்டைச் செய்தார். அமைச்சர்களிடம் டில்ஆர்ன் பிரபுவும், மக்களவை உறுப்பினர்களிடம் கட்சிக் கொறடாவும் கேட்டனர். உறுப்பினர்களிடம் முதல் விருப்பம் மட்டுமன்றி, இரண்டாம் விருப்பமும், யாரை எதிர்ப்பீர்கள் என்பதும் கேட்கப்பட்டன. இம்முறை எதிரிகள் குறைவான இயூம் பிரபுவுக்குச் சாதகமாயிற்று. டில்ஆர்னின் கணக்குப்படி அமைச்சர்களுள் இயூமுக்கே ஆதரவு மிகுதி. ஆனால் இயூமைக் கடுமையாக எதிர்த்த மெக்லியோடும் அப்பட்டியலில் இயூமின் ஆதரவாளராகக் குறிக்கப்பட்டிருந்தார். ஆகவே அக்கணக்கின் நம்பகத்தன்மை இன்றளவும் விவாதிக்கப்படுகிறது.

அக்டோபர் 17 இரவு, இயூம் தேர்வாகவிருக்கும் செய்தி கசிந்தது. மெக்லியோடு, மோட்லிங் உள்ளிட்டோர் இனோக் பவலின் வீட்டில் கூடினர். போட்டியாளர்களாக இருந்த எயில்சமும் மோட்லிங்கும் பட்லரின் கீழ்ப் பணியாற்ற இசைந்தனர். பட்லர் இயூமின் அமைச்சரவையில் சேர மறுத்தால், இயூமால் அரசமைக்க இயலாது என்பது அவர்களது கணிப்பு. மறுநாள் மாக்மில்லன் பதவி விலகினார். மருத்துவமனைக்கு வந்த அரசியிடம் இயூமின் பெயரைப் பரிந்துரைத்தார். அரசி இயூமை உடனே பிரதமராக நியமிக்காமல், அரசமைக்க இயலுமா எனப் பார்க்கும்படி மட்டுமே கேட்டுக்கொண்டார். எனவே ஒருநாள் முழுவதும் முடிவு பட்லரின் கையில் இருந்தது.

பட்லர் மறுக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் பதவியை ஏற்றுக்கொண்டார். எயில்சமும் மோட்லிங்கும் அவ்வாறே இணங்கினர். அக்டோபர் 19 அன்று இயூம் பிரதமரானார்; பின்னர்ப் பட்டம் துறந்து அலெக் டக்ளசு-இயூம் ஆனார். மெக்லியோடும் பவலும் மட்டும் புதிய அரசில் சேர மறுத்தனர். 1846 இல் தானியச் சட்டங்களை இராபர்ட்டு பீல் நீக்கியபோது கட்சி பிளவுபட்டது. அத்தகைய பிளவுக்குத் தாம் காரணமாகக் கூடாது என்று பட்லர் கருதினார்.

தேர்வு முறையில் மாற்றம்

1964 சனவரியில் மெக்லியோடு, இத்தேர்வு ஒரு சிறு குழுவினரின் ஏற்பாடு என்று எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அவ்வாண்டு அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி 317 இடங்களைப் பெற்று, 4 இடப் பெரும்பான்மையுடன் வென்றது. இத்தோல்விக்குப் பின் பழமைவாதக் கட்சி 1965 பிப்ரவரியில், மக்களவை உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அறிவித்தது. அவ்வாண்டு சூலையில் நடந்த முதல் தேர்தலில் எட்வர்டு ஈத் 150 வாக்குகளும், மோட்லிங் 133 வாக்குகளும், பவல் 15 வாக்குகளும் பெற்றனர். மோட்லிங் விலகிக்கொள்ள ஈத் தலைவரானார். 1998 இல் விதிகள் மீண்டும் மாற்றப்பட்டு, இறுதித் தேர்வு கட்சி உறுப்பினர்களிடம் விடப்பட்டது.

பிற்காலம்

1965 இல் தொழிற்கட்சிப் பிரதமர் அரால்டு வில்சன், கேம்பிரிட்ச் திரித்துவக் கல்லூரியின் தலைவர் பதவியைப் பட்லருக்கு அளிக்க முன்வந்தார். கணிதமேதை சீனிவாச இராமானுசன் ஆய்வாளராக இருந்த கல்லூரி இதுவாகும். பட்லர் மக்களவையிலிருந்து விலகி, வாழ்நாள் பிரபுவாக மேலவைக்குச் சென்றார். கல்லூரித் தலைவராக 1978 வரை இருந்தார். பின்னர் அரசரான சார்லசு அங்கு மாணவராக இருந்தது இவரது காலத்திலாகும். 1971 இல் தமது நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். 1982 மார்ச் 8 அன்று எசெக்சில் காலமானார்.

மதிப்பீடு

பட்லருக்குத் தலைமைக்கு வேண்டிய உறுதி இல்லை என்பது இவர்மீது கூறப்படும் குறை. பதவிக்காகக் கட்சியை உடைக்க மறுத்தது இவரது பெருமை என்று கருதுவோரும் உளர். 1953, 1956 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகளில் பிரதமர் இல்லாத அரசை இவர் நடத்திச் சென்றார் என்பதை இருசாராரும் ஏற்கின்றனர். இவர் காலத்துப் பிரதமர்கள் சிலரின் பெயரைக் காட்டிலும், 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் வழியாக இவரது பெயர் நிலைத்துள்ளது.