எம்மொழி கற்பது? – வ. வே. சு. ஐயர் வாழ்வு தரும் விடை

நம் ஊர் நாற்சாலையிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை காங்கேயம், கரூர் கடந்து திருச்சிராப்பள்ளியை அடைகிறது. அந்நகரின் வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தவர் வ. வே. சுப்பிரமணிய ஐயர். அவரை விடுதலை வீரராகவும் சிறுகதை முன்னோடியாகவும் நாம் அறிவோம். பிறமொழிப் பேரிலக்கியங்களைக் கற்றவராக அவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. பனியன் தொழில் நம் வட்டாரத்திற்குப் பல மொழிகளைக் கொணர்ந்துள்ளது. ஏற்றுமதிக்கு ஆங்கிலமும், உடன் உழைப்போரிடம் பேச இந்தியும் நம்மவர் நாவில் பழகிவிட்டன. பிழைப்புக்குரிய மொழியைத் தேவையே தேர்ந்து தந்துவிடுகிறது. பேரிலக்கியம் ஒன்றை மூலத்திலேயே பயில விரும்பும் கவிஞர், வேலை முடிந்து எஞ்சும் சிறுபொழுதை எம்மொழிக்கு ஈவது? நம் வட்டத்துக் கவிஞர்கள் என்னிடம் பலமுறை கேட்ட வினா இது. ஐயரின் வாழ்வில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

திருச்சியில் யேசு சபையார் நடத்திய தூய வளனார் கல்லூரியில் பயின்ற ஐயர், வரலாற்றோடு இலத்தீனையும் பாடமாகக் கொண்டு 1899இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் தொழிலுக்கு இலத்தீன் இலக்கியம் வேண்டியதில்லை. எனினும் வர்ஜிலின் காவியம் அம்மொழியில்தான் இருந்தது. பின்னர்க் கிரேக்கமும் பிரெஞ்சும் அவர் அறிந்த மொழிகளாயின. இரங்கூன் வழியாக 1907இல் இலண்டன் சென்று பாரிஸ்டர் கல்வியில் சேர்ந்தவர், சாவர்க்கர் முதலானோருடன் இணைந்து புரட்சிப் பாதையில் நடந்தார். 1910இல் பிடியாணைக்குத் தப்பி, பாரிசு வழியாக மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அரவிந்தரும் பாரதியும் அங்கிருந்தனர்.

புதுச்சேரியில் கழிந்த பத்தாண்டுகளில்தான் அவர் கற்ற கல்வி தமிழுக்குப் பயன்படலாயிற்று. 'எதிரொலியாள்' என்னும் அவர் கதை கிரேக்கப் பழங்கதையைத் தமிழில் தருவது. 'அழேன் ழக்கே' பிரெஞ்சு மண்ணின் போர்ச்சூழலில் எழுந்தது. 1914இல் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபின், புதுச்சேரியில் தங்கியிருந்த விடுதலை வீரர்கள் ஆப்பிரிக்காவிற்கு நாடு கடத்தப்படக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. தாம் மறையுமுன் ஒன்றையேனும் விட்டுச் செல்ல வேண்டும் என்ற வேட்கையில் ஐயர் திருக்குறளை ஆங்கிலமாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 1916இல் நூலாயிற்று. பல மொழிகள் கற்றவர், தாம் விட்டுச் செல்லத் தக்கதாகக் கருதியது குறளை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1920இல் சென்னை திரும்பி 'தேசபக்தன்' ஆசிரியரானார். மறு ஆண்டு அரசு நிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டு, பெல்லாரிச் சிறையில் ஒன்பது திங்கள் கழித்தார். அங்கே கம்பராமாயணத் திறனாய்வை ஆங்கிலத்தில் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்ட்டன், வால்மீகி ஆகியோரோடு கம்பனை ஒப்பிட்டு, கம்பனுக்கே முதன்மை தந்தார். அம்முடிபை ஏற்பதும் மறுப்பதும் நம் உரிமை. ஆயினும் ஒப்பிடப்படும் காவியங்களை உணர்ந்து கற்ற ஒருவர் கூறும் தீர்ப்புக்குத் தனி மதிப்பு உண்டு. அந்நூல் அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பெற்றது.

இவ்வளவு கற்ற ஐயரும் தம் மண்ணின் குரல் ஒன்றைக் கேட்கத் தவறினார். அவர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண இசைவளிக்கப்பட்டது. வரதராசுலு நாயுடுவும் நம் அண்டை ஊரான ஈரோட்டுப் பெரியாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தம்மளவில் சாதி வேற்றுமை பாராட்டாத ஐயர், அந்த இசைவை உறுதியுடன் விலக்க முன்வரவில்லை. 1925இல் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். தொலைவிலுள்ள கவிஞர்களை அறிந்த கல்வி, அருகில் அமர்ந்து உண்ணும் பிள்ளையின் மனத்தை அறிவதற்குத் தானாகத் துணைசெய்துவிடாது. அவரைப் போற்றும் நாம் இதனையும் மறைத்தல் ஆகாது.

அவ்வாண்டு ஜூன் திங்களில், பாபநாசம் அருவியில் சிக்கிய மகள் சுபத்திரையைக் காக்க முயன்று, தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 44.

ஆகவே, எம்மொழி கற்பது என்று கேட்கும் கவிஞர் முதலில் எந்நூல் தம்மை விடாது அழைக்கிறது என்று தம் நெஞ்சைக் கேட்பாராக. அந்நூலின் மொழியே அவருக்குரிய மொழி. எத்தனை கோடிப் பேர் பேசுகின்றனர், எவ்வளவு எளிது என்பனவெல்லாம் பின்னர் எண்ணத்தக்கவை. ஒரு மொழிக்கு ஆண்டுகள் பலவற்றை ஈதல் வேண்டும். பெற்றதைத் தமிழுக்குக் கொண்டுவருதல் வேண்டும். ஹோமரை ஆங்கில வழியாகவே அறிந்த நான் இதனை எழுத நாணுகின்றேன். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் இருபதாம் ஆண்டு மலர் மலரும்போது, மூலமொழி பயின்ற ஒருவரேனும் அக்குறையை நீக்குவாராக.