ஹாரி பெர்கூஸன்

உழவைக் குலத்தொழிலாகக் கொண்ட நம்மவர் அறியவேண்டிய அயல்நாட்டாருள் ஹாரி பெர்கூஸன் ஒருவர். அயர்லாந்தின் வடபாகத்தில் டிரோமோர் என்னும் ஊருக்கு அருகே, 1884-இல், உழவர் குடியில் பிறந்தார். வயல்வேலையில் மனம் செல்லாமையால் தமையனாரின் மோட்டார்ப் பட்டறையை நாடினார். 1909-இல் தாமே செய்த விமானத்தில் பறந்து, அந்நாட்டில் முதன்முதல் பறந்தவர் என்னும் பெயரும் பெற்றார்.

அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையைப் பின்னே கட்டி இழுத்தன. கொழு கல்லிலோ வேரிலோ மாட்டினால் முன்புறம் எழும்பி, வண்டி ஓட்டுபவன்மேலேயே கவிழும். உயிரிழந்தோர் பலர். பெர்கூஸன் கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்க வகைசெய்தார். உழும்போது மண் கொடுக்கும் எதிர்ப்பே முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்திற்று.

1938-இல் ஹென்றி போர்டுடன் பத்திரமின்றிக் கைகுலுக்கியே உடன்பாடு செய்தார். போர்டின் பேரர் காலத்தில் அது முறிந்தது. வழக்காடி 1952-இல் 92½ லட்சம் டாலர் பெற்றார். பத்திரமில்லாப் பங்காளி வழக்குகளை நாமும் அறிவோம்.

கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை இவருடைய சாம்பல்நிற டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அவற்றுட் சில 1958-இல் ஹில்லாரியைத் தென்துருவம் சேர்த்தன. பழம்பொறி சேகரிப்போர் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். புதுவர்ணம் பூசாது, தேய்ந்த மிதியும் துருவேறிய தகடுமாகவே போற்றுவோரும் உளர். அதை நாம் பித்தென்னோம். தகப்பனார் கைபட்ட மேழியை இழைத்துப் புதுக்க யாருக்கு மனம் வரும்?

நான்கு சக்கரங்களாலும் இயங்கும் கார் இவரது முதுமைக்கால முயற்சி. 1960 அக்டோபர் 25-இல் காலமானார். மறு ஆண்டு அக்கார் ஔல்டன் பார்க் பந்தயத்தில் வென்றது.