ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்



கோடை விடுமுறை நெருங்கினால் நம் வளாகத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பிள்ளைக்குக் கிரிக்கெட்டும் பிடிக்கிறது, வேறொரு விளையாட்டும் பிடிக்கிறது. இரண்டுக்கும் பணம் கட்டுவதா, ஒன்றை நிறுத்துவதா? லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், மாலை நடையின்போதும் இந்தக் கேள்வியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் எதிலும் நிலைக்க முடியாது என்று வீட்டில் பெரியவர் ஒருவர் சொல்லியும் இருப்பார்.

ஆற்றையும் சேற்றையும் அறிந்த நம் தஞ்சை மண்ணில் அந்தப் பழமொழிக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் இரண்டு விளையாட்டுகளில் இரண்டு கால்களையும் வைத்து, இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய ஒரு தமிழர் இருந்தார். எம்.ஜே. கோபாலன் என்ற அந்தப் பெயர் உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. அதற்காகவே இந்த இதழில் அவர் கதை.

செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கம் என்ற கிராமத்தில் 1909 ஜூன் 6 அன்று பிறந்தவர் கோபாலன். வளர்ந்ததும் ஆடியதும் சென்னைத் திருவல்லிக்கேணியில். தெருவில் ஆடிப் பழகிய பையன்களுக்குச் சேப்பாக்கம் நடந்து போகிற தூரம்தான். ஆனால் அன்று அந்த மைதானம் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்குச் சொந்தம். அங்கே ஆண்டுதோறும் பொங்கலையொட்டி ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் ஓர் ஆட்டம் நடக்கும். ஊரே அதைப் பொங்கல் மேட்ச் என்றுதான் சொல்லும். நாம் இங்கே அறுவடை முடித்துப் பானை வைக்கிற நேரத்தில், அங்கே சென்னைக்காரர்கள் மரத்தடியில் கூட்டமாக நின்று மேட்ச் பார்த்தார்கள்.

இருபது வயது நிறைவதற்கு முன்பே அந்த ஆட்டத்தில் இடம் பிடித்துவிட்டார் கோபாலன். வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளர். நடுவரிசையில் நின்று ரன்னும் எடுப்பார். ஐரோப்பியர் அணியின் முன்னணி ஆட்டக்காரரான சி.பி. ஜான்ஸ்டன் இவருடைய திறமையைக் கண்டுகொண்டார். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைக்கவும் அவரே துணை நின்றார். இன்றைய ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வாங்கும் தொகையை நீங்கள் செய்தித்தாளில் படிக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது மாதச் சம்பள உத்தியோகம்தான். ஆட்டத்துக்கு லீவு கொடுக்கிற முதலாளி கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

1930-இல் விஜயநகரம் மகாராஜகுமாரர் திரட்டிய அணியோடு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஜாக் ஹாப்ஸ் சென்னைக்கு வந்தார். உலகமே கொண்டாடிய அந்த மட்டையாளரைத் திருவல்லிக்கேணிப் பையன் பவுல்டு ஆக்கினார். அதன் பிறகு கோபாலன் என்ற பெயர் சென்னைக்கு வெளியேயும் தெரிந்தது.

இப்போது 1934-க்கு வாருங்கள். நம் டெல்டாவுக்கு அது மறக்க முடியாத ஆண்டு. ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. தினமும் நீங்கள் கடந்து போகும் புது ஆறும் அந்தத் திட்டத்தோடு வந்ததுதான். கோபாலனுக்கும் அதே ஆண்டுதான் திருப்புமுனை. ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்காக இறங்கினார். ஆட்டமிழக்காமல் 11 ரன், அடுத்த இன்னிங்ஸில் 7 ரன், ஒரு விக்கெட். ஆட்டம் டிராவில் முடிந்தது.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில், சேப்பாக்கத்தில். அந்த மைதானம் கண்ட முதல் டெஸ்ட் அது. சொந்த ஊர், சொந்த மைதானம், பொங்கல் மேட்சுகளில் தன்னைப் பார்த்துக் கைதட்டிய அதே ஜனங்கள். ஆனால் அணியில் கோபாலன் இல்லை. இந்தியா 202 ரன்னில் தோற்றது. அந்த வருத்தம் எப்படியிருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதே நவம்பர் 4 அன்று ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது, சென்னைக்கும் மைசூருக்கும் இடையில். ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை எடுத்தது 130. இரண்டாவது முறை மைசூர் 59. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட் எடுத்தார். காலையில் தொடங்கிய ஆட்டம் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோனது.

இதுவரை சொன்னது ஒரு கால். மற்றொரு கால் ஹாக்கியில். கோபாலன் ஹாக்கியில் சென்டர் ஹாஃப், அதாவது தடுப்பதையும் முன்னால் இருப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதையும் சேர்த்துச் செய்ய வேண்டிய இடம். 1935-இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். 48 ஆட்டங்கள், 48 வெற்றிகள், 584 கோல்கள். அப்படியொரு அணி அது.

அடுத்த ஆண்டு, 1936. பெர்லினில் ஒலிம்பிக். இந்திய ஹாக்கி அணிக்கான தேர்வு ஆட்டங்களுக்கு நேரம் வந்தது. அதே சமயத்தில் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியிலும் கோபாலன் பெயர் வந்தது. இரண்டு பயணமும் ஒரே கோடையில். ஒரு காலை எடுத்தே ஆக வேண்டும்.

நீங்களாக இருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்? ஹாக்கி அணி 1928-லும் 1932-லும் தங்கம் வென்ற அணி. இந்த முறையும் தங்கம் கிட்டத்தட்ட கையில் இருந்தது. கிரிக்கெட்டிலோ அவர் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். இங்கிலாந்து போனால் இன்னும் மூன்று டெஸ்டுகள் காத்திருந்தன. கோபாலன் கப்பலேறியது கிரிக்கெட் அணியோடு.

அந்தப் பயணம் நன்றாக அமையவில்லை. விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் போன அணிக்குள் கோஷ்டிப் பூசல். சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் என மூன்று டெஸ்டுகள் நடந்தன. மூன்றிலும் கோபாலன் ஆடவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் தியான்சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. முந்தைய ஆண்டு கூட நின்று ஆடிய தோழர்கள் பதக்கம் வாங்கிய அன்று, இவர் இங்கிலாந்தில், டெஸ்ட் அணியில் இடமில்லாமல் இருந்தார்.

இந்த இடத்தில் பலர் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தவர் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. இந்தியாவுக்காக மறுபடி டெஸ்ட் ஆடும் வாய்ப்பு வரவே இல்லை. ஆனாலும் கோபாலன் சென்னைக்காகத் தொடர்ந்து பந்து வீசினார், அணிக்குத் தலைமையும் தாங்கினார். நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது ஏறத்தாழ 3,000 ரன், 200-க்குச் சற்றுக் குறைய விக்கெட்டுகள். பிறகு இந்திய அணியைத் தேர்ந்தெடுப்போரில் ஒருவராகவும் அமர்ந்தார். அணிக்கு வெளியே உட்கார்ந்திருப்பதன் வலியை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த நாற்காலியில் யார் இருந்திருக்க முடியும்?

அவர் பெயரில் ஒரு கோப்பையும் உண்டு. 1953 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை ஆட்டம் நடந்தது. இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது 1982-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டின் பல ஆட்டக்காரர்களுக்கு இந்த ஆட்டமே பெரிய களமாக இருந்தது. இங்கிலாந்தில் ஒரு டெஸ்டும் கிடைக்காதவரின் பெயரில் இரண்டு தலைமுறை இளைஞர்கள் ஆடினார்கள்.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் 94 வயதில் கோபாலன் காலமானார். அப்போது உலகில் உயிரோடு இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் அவரே மூத்தவர்.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பிள்ளைக்கு ஒன்றா, இரண்டா? கோபாலனின் வாழ்க்கை இதற்கு நேரான பதில் தராது. இரண்டில் கால் வைத்ததால் அவர் கெட்டுப்போகவில்லை. இரண்டிலும் நாட்டுக்காக ஆடும் அளவுக்கு வளர்ந்தார். தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் தானாக வந்தது, அன்று அவரே தேர்ந்தெடுத்தார். எண்ணியபடி அது பலிக்கவில்லை. விதை விட்டபிறகு மழை பொய்த்தால் நம் விவசாயி என்ன செய்கிறார்? அடுத்த பட்டத்துக்கு நாற்றங்கால் போடுகிறார். கோபாலனும் அடுத்த பருவத்தில் சேப்பாக்கத்துக்குத்தான் திரும்பினார்.

அந்த நாள் உங்கள் பிள்ளைக்கும் வரும். எட்டு வயதிலும் பத்து வயதிலும் அதை நாம் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். அதுவரை நம் வளாகத்தின் பின்பக்கத்து மண்தரையில் இரண்டையும் ஆடட்டும். பந்து உங்கள் பால்கனியில் வந்து விழுந்தால், ஒரு வார்த்தை கடிந்துகொண்டாலும் பரவாயில்லை, திருப்பிப் போட்டுவிடுங்கள்.