தரங்கம்பாடிக்கு வந்த அச்சு இயந்திரம்
(மிஷனெரி சரித்திரம்: சீகன்பால்கு ஐயர்)



இந்த மாதம் பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரைப் பற்றி எழுதும்படி கர்த்தர் என்னை ஏவினார். அதற்கு ஒரு காரணமும் உண்டு. கொள்ளிடத்துக்கு அக்கரையில் நடக்கிற நம்முடைய கிராம ஊழியத்துக்கு ஒரு புரொஜெக்டரும் பெரிய ஸ்பீக்கரும் வாங்க வேண்டும் என்று வாலிபர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அப்போஸ்தலர்கள் கையில் எந்த மெஷினும் இல்லையே, வேதமும் முழங்காலும் போதாதா என்று மூத்த விசுவாசிகள் கேட்கிறார்கள். இரண்டு பேரும் ஆத்தும பாரத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இந்த வழக்கு நம்ம சபையில் புதுசா கிளம்பினது இல்லை. 300 வருஷத்துக்கு முன்னாலே தரங்கம்பாடிக்கும் டென்மார்க் தேசத்துக் கோப்பன்ஹேகனுக்கும் நடுவிலே இதே வழக்கு நடந்தது. ஒரு தேவமனிதனுடைய இருதயத்தையே அது உடைத்தது. ஆகையால் அவருடைய சரித்திரத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

சீகன்பால்கு 1682ம் வருஷம் ஜெர்மனியில் சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிறிய ஊரிலே பிறந்தார். சின்ன வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். தாயார் மரணப்படுக்கையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தான் அவர்களுக்குச் சேர்த்துவைத்த பொக்கிஷம் வேதபுஸ்தகத்துக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்கள். இந்தப் பிள்ளைக்கு சரீர பெலனும் கிடையாது, அடிக்கடி வியாதிதான். ஹாலே பட்டணத்தில் பிராங்கே என்ற பக்தரிடத்தில் வேதசாஸ்திரம் படித்தார். பின்பு டென்மார்க் ராஜாவாகிய நான்காம் பிரெடெரிக் தன் ராஜ்யத்துக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளைத் தேடினார். சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோ என்ற அவருடைய சிநேகிதரும் புறப்பட்டார்கள். 1705 நவம்பரில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9ம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குக்கு வயது 24 கூட நிறையவில்லை.

ராஜா அனுப்பின ஆட்களாச்சே, மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்காதீங்க. அங்கே இருந்த டேனிஷ் கவர்னர் ஹாசியஸ் அவர்களை முகம் கொடுத்துக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்கள் கடைத்தெருவில் திக்குத் தெரியாமல் நிற்க வேண்டியதாயிற்று. வியாபாரம் பண்ண வந்த கம்பெனிக்கு மிஷனெரி என்றால் தலைவலி, அவ்வளவுதான்.

இங்கே பெந்தெகொஸ்தே ஜனங்களாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1906ல் அசுசா தெரு எழுப்புதலில் அபிஷேகம் பெற்ற கார் என்ற ஊழியர், தான் பேசின அந்நியபாஷை இந்திய பாஷை என்று நம்பிக் கல்கத்தாவுக்கு வந்தார். இங்குள்ள ஜனங்களுக்கு அது புரியவில்லை. ஆவியானவர் தந்த வரம் பொய் அல்ல, ஆனால் அது பாஷை கற்றுக்கொள்ளுகிற சிரமத்திலிருந்து விடுதலை தருகிற வரமும் அல்ல. சரியாக 200 வருஷத்துக்கு முன்னாலே சீகன்பால்கு என்ன செய்தார் பாருங்க. வயதான ஒரு தமிழ் வாத்தியாரைச் சம்பளத்துக்கு வைத்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவைத்தார். ஐரோப்பாவிலே லத்தீனும் கிரேக்கும் எபிரெயமும் படித்தவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். எட்டு மாதத்துக்குள்ளே ஜனங்கள் பேசுகிறதைப் புரிந்து பதில் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

அதோடு விடவில்லை. ஜனங்கள் எதை வாசிக்கிறார்கள், எதை விசுவாசிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களிடத்தில் எப்படிப் பேசுவது என்று ஓலைச்சுவடிகளைத் தேட ஆரம்பித்தார். சுவடி வாங்குவதற்காகத் தன் ஆட்களை உள்நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினார். புருஷனை இழந்த பிராமண விதவைகள் வீட்டில் வாசிக்க ஆளில்லாமல் கிடந்த சுவடிகளை அவர்கள் விலைக்கு வாங்கி வந்தார்கள். 1708ல் தன்னிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு அட்டவணையே எழுதிவிட்டார், நூற்றுக்கும் மேலே இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய புஸ்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அச்சடிக்காமல் வைத்துவிட்டார்கள். 1867ல்தான் அது சென்னையில் அச்சேறியது. என்னைக் கேட்டால், ஸ்ரீரங்கத்தில் ஊழியம் செய்கிற நமக்கு அது நல்ல பாடம். ராஜகோபுரத்து நிழலிலே குடியிருக்கிற அக்கம்பக்கத்தார் எதை நம்புகிறார்கள் என்று விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் கைப்பிரதி கொடுக்கிறவர்கள் நம்மில் உண்டு.

1707 மே மாதத்தில் முதலாவது ஞானஸ்நானம் நடந்தது. ஐந்து பேர், ஐந்து பேரும் அடிமைகள். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு சின்ன ஆலயமும் பிரதிஷ்டை ஆயிற்று. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அடுத்த மாதமே கவர்னர் அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். ஒரு ஏழை விதவையின் வழக்கிலே நியாயம் பேசப்போனதில் வந்த பகை அது. நாலு மாதம் சிறைவாசம். வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து 1711 மார்ச்சில் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார்.

இப்போதுதான் நம்முடைய விஷயத்துக்கு வருகிறோம். மொழிபெயர்ப்பு முடிந்தது, அதை ஜனங்கள் கையில் கொடுப்பது எப்படி? தரங்கம்பாடி ஒரு கையகல இடம். கடற்கரையில் ஒரு ஊரும் சுற்றிலும் சில கிராமங்களும், அதற்கு அப்பாலே தஞ்சாவூர் ராஜாவின் சீமை. அங்கே மிஷனெரிக்கு அனுமதி இல்லை. 1709ல் சீகன்பால்கு நம்ம ஊர் உடுப்பு உடுத்திக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். மேலே போனால் பிடித்துவிடுவார்கள் என்று எச்சரித்ததால் திரும்பி வரவேண்டியதாயிற்று. ஓலையில் எழுதி அனுப்பலாம் என்றால், புதிய ஏற்பாடு முழுவதையும் எழுத்தாணியால் ஒருவர் கீறி முடிக்க எத்தனை மாதம் ஆகும்? எழுதுகிறவருக்குச் சம்பளம் வேறே. பத்துக் கிராமத்துக்குப் பத்துச் சுவடி என்றாலே முடியாத காரியம்.

அதனால் அவர் அச்சு இயந்திரத்துக்காக ஜெபித்தார், கடிதமும் எழுதினார். லண்டனிலே கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்ற சபையார் அதைக் கேட்டு ஒரு இயந்திரத்தையும் காகிதத்தையும் வாங்கி, ஜோனாஸ் பிங்க் என்ற ஊழியரோடு 1711ல் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். பிரேசில் தேசத்து ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர் கையில் அந்தக் கப்பல் சிக்கியது. பணம் கொடுத்துக் கப்பலை மீட்டார்கள். இயந்திரம் தப்பியது. ஆனால் பிங்க் நன்னம்பிக்கை முனைக்கு அருகே வியாதியில் மரித்துப்போனார். 1712ல் இயந்திரம் வந்து சேர்ந்தது, அதை ஓட்டத் தெரிந்த மனுஷன் வரவில்லை! தேவன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கம்பெனிப் பட்டாளத்திலே அச்சுவேலை தெரிந்த ஒரு சிப்பாய் இருந்தான். அவனை வைத்து முதலில் போர்த்துக்கீசிய புஸ்தகங்களை அச்சடித்தார்கள், ஏனென்றால் வந்தது ரோமன் எழுத்துக்கள் மட்டும்தான்.

தமிழ் எழுத்துக்களை ஹாலேயில் வார்த்தார்கள். வார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். 1713ல் அவை அச்சுத் தொழிலாளிகளோடு வந்து இறங்கின. தமிழில் அச்சான முதல் புஸ்தகம் இவர்களுடையது என்று நம்மில் பலர் பிரசங்கத்தில் சொல்லுகிறோம், அது சரியல்ல. 1578லேயே கொல்லத்தில் அண்டிறிக் பாதிரியாருடைய தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. உண்மையைச் சொல்லியே நம்முடைய மிஷனெரியை மேன்மைப்படுத்தலாம்.

கம்ப்யூட்டர் காலத்துப் பிள்ளைகளுக்கு அச்சுக் கோர்ப்பது என்றால் தெரியாது. நான் சிறுவனாக இருக்கும்போது பாலக்கரையில் ஒரு அச்சாபீசில் பார்த்திருக்கிறேன். அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியில் ஈய எழுத்துக்கள் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, வரியாக்கி, பக்கமாக்கிக் கட்டி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்த வேண்டும். இங்கிலீஷுக்கு 26 எழுத்து, தமிழுக்கோ உயிர்மெய் எல்லாம் சேர்த்து 247. ஹாலேயிலிருந்து வந்த எழுத்து வேறே பெரிசு பெரிசாக இருந்தது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் இருக்கிற காகிதம் கொஞ்சமும் போதாது. அச்செழுத்து வார்க்கத் தெரிந்த ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துக்களை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களை மூடியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று சொல்லுவதுண்டு. காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாரில் ஒரு காகித ஆலையே தொடங்கினார்கள். 1714ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. அல்லேலூயா!

அதற்குள் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டிருந்தார். போகிற கப்பலிலேயே தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார், 1716ல் ஹாலேயில் அது அச்சாயிற்று. டென்மார்க் ராஜாவையும் இங்கிலாந்து ராஜாவையும் சந்தித்து, மரியா டோரத்தியா என்ற சகோதரியை விவாகம் செய்து, 1716ல் திரும்பி வந்தார். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று.

இவ்வளவு ஆசீர்வாதத்துக்கு நடுவே கோப்பன்ஹேகனிலிருந்து கடிதங்கள் வந்தன. மிஷன் சங்கத்துக்கு அப்போது வெண்ட் என்பவர் செயலாளர். மிஷனெரிகள் அப்போஸ்தலரைப் போல ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராய் நடந்து பிரசங்கிக்க வேண்டும், கட்டடமும் பள்ளிக்கூடமும் செலவும் எதற்கு என்பது அவருடைய எண்ணம். அதைக் கடினமான வார்த்தைகளில் எழுதினார். வெண்ட் கெட்டவர் அல்ல, பக்தியுள்ளவர்தான். ஆனால் தஞ்சாவூர் எல்லையிலே நின்று திரும்பி வந்தது அவர் அல்லவே! ஏற்கெனவே வயிற்று வியாதியால் மெலிந்திருந்த சீகன்பால்கை அந்தக் கடிதங்கள் மிகவும் வேதனைப்படுத்தின. 1719 பிப்ரவரி 23ம் தேதி, 36ம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார். தான் கட்டின ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணப்பட்டார். உடன் ஊழியர் கிரண்ட்லரும் அடுத்த வருஷமே போய்விட்டார். மீதியை ஷூல்ட்சே ஐயர் முடித்து 1728க்குள் அச்சிட்டார்.

அவருடைய தமிழ் குறையில்லாத தமிழா என்றால், இல்லை. நம்ம திருச்சிப் பக்கத்தில், கொள்ளிடத்து வடகரை ஏலாக்குறிச்சியில் ஊழியம் செய்த கத்தோலிக்க வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரருடைய தமிழை நன்றாகப் பரிகசித்து எழுதியிருக்கிறார். தமிழறிவில் முனிவருக்கு இவர்கள் ஈடில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 1732ல் முடித்த அவருடைய சதுரகராதி 1824 வரைக்கும் ஓலையிலேதான் இருந்தது. இன்னொரு வேடிக்கை கேளுங்க. பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதின இலக்கணத்தை 1738ல் அச்சடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான்!

இனி ராஜநாயக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ராஜாவின் படையிலே ஒரு சிறிய அதிகாரி, கத்தோலிக்கர். சீகன்பால்கு மரித்துச் சில வருஷம் கழித்து, 1720களில், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புஸ்தகம் அவர் கையில் கிடைத்தது. எந்த மிஷனெரியும் போய்க் கொடுக்கவில்லை, ஒருவரும் போக முடியாத சீமை அது. அவர் அதை வாசித்தார். வாசித்தது அவரைத் தூங்கவிடவில்லை. தானாகவே தரங்கம்பாடிக்குத் தேடி வந்து விசாரித்து அறிந்துகொண்டார். பிறகு உபதேசியாராகி, தஞ்சாவூர்ச் சீமைக் கிராமங்களில் எதிர்ப்பையும் பாடுகளையும் சகித்து ஊழியம் செய்தார். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவருடைய புஸ்தகம் எல்லைக்குள் நுழைந்துவிட்டது.

ஆகவே வாலிபர்களிடத்தில் என் மனதிலுள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் வாங்க நான் சம்மதிக்கிறேன். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போகிற கிராமத்திலே, முதலில் ஆறு மாதம் வாரம் ஒருநாள் யார் போய்த் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஜனங்களோடு பேசப்போகிறீர்கள் என்று பேர் கொடுங்க. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கி ஆறு வருஷம் கழித்துத்தான் இயந்திரம் வந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. இன்றைக்கு லால்குடிப் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் செல்போன் இருக்கிறது, அதிலே வேதாகமத்தைக் கேட்கவும் முடிகிறது. அந்தப் போனை வைத்திருக்கிற அம்மாவின் பேர் நமக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி. பேர் கொடுக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு என்னைப் பார்க்கலாம்.

ஹாலேயில் ஷூல்ட்சே ஐயர் தமிழ் வேதாகமத்தை மறுபடியும் அச்சிட முயன்றபோது, அவருக்கு உதவி செய்வதற்காகத் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு வாலிபர் இருந்தார். அவர் பெயர் ஸ்வார்ட்ஸ். அந்தத் தமிழோடுதான் 1750ல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். 1762ல் நம்முடைய திருச்சிராப்பள்ளிக்கே குடிவந்தார். மலைக்கோட்டை தெப்பக்குளத்துக்கு அருகே இன்றும் நிற்கிற கிறிஸ்து ஆலயம் அவர் 1766ல் கட்டினது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கர்த்தருக்குச் சித்தமானால் அவருடைய சரித்திரத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.